நடுமங்கல்

கண்ணின் குறைகளுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் பல. அந்தி சாய்ந்தபின் வழி தோன்றாமல் தடுமாறுவதை மாலைக்கண் என்றனர். கண்மணியில் வெண்மை திரள்வதைப் புரை என்றனர். நாற்பதைக் கடந்தவர் ஏட்டைக் கை நீட்டிப் பிடித்தாலன்றி எழுத்துத் தெரியாத நிலையைச் சாளேசுரம் என்றும் வெள்ளெழுத்து என்றும் வழங்கினர். வெள்ளெழுத்து என்னுஞ் சொல்லின் நயந்தான் என்னே! கருமையாய் நின்ற எழுத்து வெளிறி நழுவும் நிலையை அஃது ஒரு சொல்லிற் காட்டிவிடுகின்றது. சித்த மருத்துவ மரபில் கண்ணோய்களை 96 எனத் தொகுத்து எண்ணும் வழக்கமும் உண்டு.

இத்துணைப் பெயர் படைத்த தமிழில், முதுமையிற் பார்வையின் நடுவிடம் மட்டும் அழிந்து சுற்றுப்புறம் எஞ்சி நிற்கும் ஒரு குறைக்கு வீட்டு வழக்கிற் பெயர் இல்லை. மருத்துவர் அதனை முதுமைசார் மாகுலாச் சிதைவு என்பர். வீட்டாரோ, ‘வயதாயிற்று’ என்னும் ஒரு சொல்லோடு அமைந்துவிடுவர். பெயரில்லாத நோயைத் தேடி எவரும் மருத்துவமனைக்குச் செல்வதில்லை. தமிழ் பயிலும் மாணவனுக்கு மருத்துவப் பொருளில் என்ன வேலை என்று வினவுவார் இருக்கலாம். படிப்பதையே தொழிலாகக் கொண்டவன் படிக்கும் கண்ணைப் பற்றி அறிய விழைதல் புறம்பான செயலாகாது. அன்றியும், இந்நோயைக் கண்டறிவதில் மருத்துவக் கருவிக்கு எத்துணைப் பங்கு உண்டோ, அத்துணைப் பங்கு வீட்டாரின் வினாவுக்கும் உண்டு. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் விரிந்து கிடக்கின்றது. அதன் நடுவே 5 அல்லது 6 மில்லிமீட்டர் அகலத்தில் மஞ்சள் நிறமான ஓரிடம் உண்டு. அதுவே மாகுலா, இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் பொட்டு என்பது பொருள். பரண்மேல் நின்று சோளக்காட்டைக் காப்பவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். காட்டின் ஒரு மூலையில் ஏதோ அசைவதை அவன் கடைக்கண் உணர்த்தும்; ஆயின், அசைந்தது கிளியோ காற்றோ என்று தெளிய அவன் அப்பக்கம் நேரே திரும்பிப் பார்த்தல் வேண்டும். ‘ஏதோ ஒன்று இருக்கின்றது’ என்பதை விழித்திரையின் ஓரம் சொல்லும். ‘இன்னது இருக்கின்றது’ என்பதை மஞ்சட்பொட்டே சொல்லும். எழுத்தைப் படித்தல், ஊசியில் நூல் கோத்தல், முகத்தை அடையாளங் காணுதல் ஆகிய யாவும் அச்சிறு பொட்டின் பணிகளே.

ஐம்பது வயதுக்குமேல், சிலருக்கு இப்பொட்டின் அடியிற் கழிவுப்பொருள்கள் மஞ்சட் புள்ளிகளாய்ப் படிகின்றன. அவற்றைத் துரூசன் என்னும் செருமானியச் சொல்லால் மருத்துவர் குறிப்பர். இந்நோய் இருவகைப்படும். உலர்வகையில், பார்வை உயிரணுக்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்கின்றன. ஈரவகையில், விழித்திரையின் பின்னுள்ள படலத்திலிருந்து வலுவற்ற புதுக் குருதிக்குழாய்கள் முளைத்து, நீரும் குருதியும் கசிய விடுகின்றன. சில வாரங்களிலேயே நடுப்பார்வை கெடக்கூடும். உலர்ந்தது ஈரமாய் மாறுதலும் உண்டு. முதுமையும் குடிவழியும் நம் கையில் இல்லாத காரணங்கள். புகைபிடித்தலோ நம் கையிலுள்ள காரணம்.

இவற்றையெல்லாம் யான் நூலிற் படிக்குமுன் எங்கள் வீட்டிலேயே கண்டேன். மதுக்கரையில் வாழும் எங்கள் பாட்டியாருக்கு வயது 78. சென்ற ஆண்டு யான் விடுதியில் இருந்த காலத்தில், அவர் என் தந்தையாரை அழைத்து, “நெலவு கோணிக்கிட்டு நிக்குது கண்ணு, ஆசாரியை வரச் சொல்லோணும்” என்றாராம். நிலவு என்பது எங்கள் பக்கத்தில் வாயில் நிலைக்கு வழங்கும் பெயர். ஆசாரியாரும் வந்து மட்டம் வைத்துப் பார்த்து, நிலவு நேராகத்தான் நிற்கின்றது என்று சொல்லிச் சென்றார். வீட்டிலுள்ளோர் நகைத்தனர். பாட்டியார் பின்னர் அதனைப் பற்றிப் பேசவேயில்லை.

விடுமுறையில் யான் ஊர் சென்றபோது வேறு சில கண்டேன். பாயின் ஓரத்தில் விழுந்த ஊசியை அவர் எடுத்துக்கொள்வார். எதிரே வந்து நின்று வணங்கும் போதகரின் துணைவியாரை, குரல் கேட்டபின்னரே அறிவார். ‘வேண்டியது தெரிகின்றது, வேண்டாதது தெரிவதில்லை’ என்று அண்டை வீட்டார் பேசிக்கொண்டனர். முதியோரைப் பொய்யராக்கும் கொடுமை இந்நோய்க்கு உண்டு. ஓரப்பார்வை நன்கிருத்தலின் அவர் தடுமாறாது நடக்கின்றார். நடுப்பார்வை இன்மையின் முகம் அறியாது நிற்கின்றார். இரண்டையும் ஒருங்கே காணும் பிறர்க்கு அது பாசாங்காகத் தோன்றுகின்றது. மூக்குக்கண்ணாடி இருமுறை மாற்றப்பட்டும் பயனில்லை. கண்ணாடி ஒளியை விழித்திரையிற் குவிக்க வல்லதேயன்றி, கெட்ட விழித்திரையைத் திருத்த வல்லதன்று.

நோய் மறைந்து நின்றதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அதனைத் தமிழ் மாணவன் என்னும் முறையில் யான் சிறப்பாக ஆராய்ந்தேன். பாட்டியார் நாள்தோறும் பேரெழுத்து வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு சங்கீதங்களைத் தடையின்றி வாசிப்பார். அதனால், அவர் கண்ணுக்குக் குறையில்லை என்று அனைவரும் நம்பினர். ஒருநாள் யான் முந்தின நாள் நாளிதழை அவர் கையிற் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கடல் என்பதை உடல் என்றார். திடல் என்பதை மடல் என்றார். பிறகு இதழை மடித்து வைத்துவிட்டார். உண்மை விளங்கிற்று. 23-ஆம் சங்கீதத்தை வாசித்தது கண்ணன்று, நெஞ்சு. அறுபது ஆண்டுப் பழக்கத்தால், சொல்லின் ஓரெழுத்துத் தோன்றினால் அடி முழுதும் நாவில் வந்துவிடும். புதிய செய்தியிலோ நெஞ்சின் துணை இல்லை. ஓரெழுத்து வேறுபாட்டாற் பொருள் வேறுபடும் சொற்கள் தமிழில் எண்ணிறந்தன. அவ்வோரெழுத்து மங்கலில் மறைந்தால் கடலும் உடலும் ஒன்றே. ஆதலின் முதியோரின் பார்வையைச் சோதிக்க விரும்புவோர் அவர்க்கு மனப்பாடமான நூலைக் கொடுத்தல் ஆகாது.

அதன்பின் கோயம்புத்தூரிலுள்ள ஒரு கண் மருத்துவமனைக்குப் பாட்டியாரை அழைத்துச் சென்றோம். முதற் சோதனை எழுத்துப் பலகை. நெதர்லாந்து நாட்டு மருத்துவர் சினெல்லன் என்பார் 1862-இல் வகுத்தது அது. 6 மீட்டர் தொலைவில் நின்று படிக்க வேண்டிய எழுத்தை அத்தொலைவிலேயே படிப்பவர் பார்வை 6/6. நற்கண்ணர் 60 மீட்டரிற் படிக்கும் பெரிய எழுத்தை 6 மீட்டரில் மட்டுமே படிப்பவர் பார்வை 6/60. எழுத்தறியாதார்க்கு ஆங்கில ஈ என்னும் எழுத்தை நான்கு திசையிலும் திருப்பிக் காட்டுவர். அதன் கால்கள் எப்பக்கம் நோக்குகின்றன என்று கையாற் காட்டினாற் போதும். இரு கண்ணும் திறந்திருந்தபோது பாட்டியார் பல வரிகளைப் படித்தார். வலக்கண்ணை மூடியவுடன் நிலைமை மாறிற்று. சோதித்த இளைஞரை நோக்கி, “சாமி, உங்க மூஞ்சி இருக்கற எடத்துல பொகை நிக்குதுங்க. காது ரெண்டும் நல்லாத் தெரியுதுங்க” என்றார். இடக்கண்ணின் பார்வை 6/60 எனக் குறிக்கப்பட்டது.

ஒரு கண்ணின் கேட்டை மறுகண் மறைத்துவிடும். மேலும், காணாத இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ஆதலின் ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதித்தாலன்றி உண்மை புலப்படாது.

அடுத்து அவர் கையில் ஒரு சிறு அட்டை கொடுக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் மார்க் அம்சுலர் 1940-களிற் பரப்பிய கட்டம் அது. 10 சென்டிமீட்டர் சதுரத்தில், 5 மில்லிமீட்டர் இடைவெளியிற் கோடுகள். குறுக்கே 20, நெடுக்கே 20 சிறு கட்டங்கள். நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிப் புள்ளியையே நோக்கினால், நல்ல கண்ணுக்குக் கோடுகள் நேராய்த் தோன்றும். விழித்திரையின் அடியில் நீர் கோத்திருந்தால் அப்படலம் மேடுபள்ளமாகி, கோடுகள் வளைந்தோ நெளிந்தோ தோன்றும். அணுக்கள் அழிந்திருந்தால் கட்டங்கள் சில மறைந்தே போகும். பாட்டியார் விரலை வைத்து, “இந்த எடத்துல கட்டம் குழிஞ்சு கெடக்குதுங்க” என்றார். என் தந்தையார் என்னை நோக்கினார். நிலவு கோணியதன் பொருள் இருவர்க்கும் அப்பொழுது விளங்கிற்று. ஆசாரியாரின் மட்டம் வாயில் நிலையைச் சோதித்தது. இவ்வட்டையோ கண்ணைச் சோதித்தது.

இதுகாறும் சொன்னவை கண் கூறும் சான்று. இனிக் கருவி கூறும் சான்றைக் காண்போம். உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர் நேரே காணும் வாய்ப்பு, 1851-இல் எல்மோல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் தம் கண்நோக்குங் கருவியை வெளியிட்ட பின்னரே கிடைத்தது. பின்னர்ப் புகைப்படக் கருவி வந்தது. 1961-இல் அமெரிக்க நாட்டு இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நோவோட்னி, ஆல்விஸ் என்னும் இருவர் புதுமுறை ஒன்றை வெளியிட்டனர். கைநரம்பில் மஞ்சள் நிறச் சாயத்தை ஏற்றி, அது குருதியோடு கண்ணைச் சேரும்போது நீல ஒளியில் அடுத்தடுத்துப் படம் எடுத்தலே அம்முறை. சாயம் எவ்விடத்துக் கசிகின்றதோ அவ்விடத்தே கெட்ட குழாய் உண்டு என்று துணியலாம். அவ்விருவரும் அந்நாளில் மருத்துவ மாணவர்களே என்பதை நம் கல்லூரி மாணவர் கருதிப் பார்த்தல் நன்று.

1991-இல் மாசசூசெட்ஸ் நகரங்களிலுள்ள ஆய்வாளர் குழு ஒன்று ஓ.சி.டி. என்னும் கருவியை உலகுக்கு அறிவித்தது. அக்கட்டுரையில் முதற்பெயராய் நின்ற டேவிட் ஹுவாங் என்பாரும் அப்பொழுது மாணவரே. இக்கருவி ஊசியின்றி, வலியின்றி, ஒளியை மட்டும் கண்ணுட் செலுத்தி, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளியை அளந்து, விழித்திரையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைச் சில நொடிகளில் வரைந்து காட்டும். எங்கள் ஊர்ப்பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழியின் சுவரில் அடுக்கடுக்காய் நிறவரிகள் தோன்றுவதைக் கண்டவர்க்கு அப்படம் எளிதில் விளங்கும். மில்லிமீட்டரில் நாலிலொரு பங்கு கனமே உள்ள படலத்தின் அடுக்குகள் அதில் வரிவரியாய்த் தெரிகின்றன. நல்ல கண்ணில் நடுவே ஒரு மென்மையான பள்ளம் இருக்கும். பாட்டியாரின் இடக்கண்ணில் அப்பள்ளம் மேடாய் எழும்பி, அதன்கீழ்க் கருநிறத்தில் நீர் தேங்கியிருந்தது. வலக்கண்ணிலோ நீர் இல்லை. துரூசன் மேடுகள் சில மட்டுமே இருந்தன.

இவ்விடத்து ஒரு வினா எழும். கருவி இத்துணைத் தெளிவாய்க் காட்டுமாயின், முதியவரை நிறுத்தி எழுத்துக்களைப் படிக்கச் சொல்வதேன்? படமும் பார்வையும் எப்பொழுதும் ஒத்துச் செல்வதில்லை என்பதே விடை. படத்தில் துரூசன் பல தோன்றியும் 6/6 படிப்பவர் உண்டு. மருந்தால் நீர் வற்றிப் படம் செம்மையான பின்னும் படிக்க இயலாதவர் உண்டு. எழுத்துப் பலகையில் நன்கு படித்தும், அந்தி ஒளியில் முகங்களைப் பிரித்தறியாதவரும் உண்டு. அன்னார்க்காகவே, ஒரே அளவுள்ள எழுத்துக்கள் வரவர வெளிறிச் செல்லும் பெல்லி–ராப்சன் பலகை 1988-இல் வகுக்கப்பட்டது. படம் உறுப்பின் நிலையைச் சொல்லும். சோதனை வாழ்வின் நிலையைச் சொல்லும். வழக்கு ஒன்றில் இரு சான்று வேண்டுவது போல இங்கும் இரண்டும் வேண்டும்.

மதுக்கரை வனச்சரகத்தில், எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதை ஓரத்தில், யானைகள் தொடர்வண்டியில் அடிபடாது காக்க 2024-இல் கோபுரங்கள் நிறுவி, இருளிலும் உடல்வெப்பத்தால் யானையை அறியும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பொருத்தினர். ஓட்டுநர் காணாத யானையைக் கருவி காண்கின்றது. ஆயினும், அக்கருவி தந்த செய்தியை ஒருவர் கேட்டு வண்டியின் வேகத்தைத் தடுத்தாலன்றி யானை பிழைப்பதில்லை. கண்படக் கருவியும் அத்தகையதே. அதன் முன்னே முதியவரைக் கொண்டுபோய் அமர்த்துவார் ஒருவர் வேண்டும்.

ஈரவகைக்கு இந்நாளில் மருத்துவம் உண்டு. புதுக் குழாய்களை வளரச் செய்யும் பொருளைத் தடுக்கும் மருந்தினைக் கண்ணுள் ஊசியாற் செலுத்துவர். அவ்வகையில் ரானிபிசுமாப் என்பது 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனையொத்த மருந்து 2015 முதல் இந்தியாவிலும் செய்யப்படுகின்றது. ஒருமுறை போட்டு முடிவதன்று. தொடக்கத்தில் திங்கள்தோறும், பின்னர்ப் படம் பார்த்து இடைவெளி விட்டும் போடுதல் வேண்டும். உலர்வகையில் இழந்த பார்வையை மீட்கும் மருந்து இல்லை. நோய் இடைநிலையில் உள்ளார்க்குச் சில ஊட்டச்சத்துக்கள் முற்றுதலைத் தாழ்த்தும் என 2001-இலும் 2013-இலும் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகள் காட்டின.

மூன்றாம் ஊசிக்குப்பின் பாட்டியார் மறுத்துவிட்டார். “இந்த வயசுல எனக்கெதுக்குங் கண்ணு? உனக்குப் பீசு கட்டோணும்” என்றார். ஒவ்வொரு முறையும் என் தந்தையார்க்கு ஒருநாட் கூலி போவதை அவர் எண்ணியிருந்தார். மருத்துவ அம்மையார் படத்தைக் காட்டி விளக்க முயன்றார். படத்தைக் காண இயலாதவர்க்குப் படம் காட்டுவது எங்ஙனம்? உடனே அவர் பாட்டியாரின் புறங்கையைத் தம் கையில் ஏந்தி, அதன்மேல் விரலாற் கோடிழுத்து, “முதலில் இவ்வளவு மேடாக இருந்தது, இப்போது இவ்வளவே இருக்கிறது, பாட்டி. விட்டால் மறுபடி எழும்பும்” என்றார். பாட்டியார் சற்று நேரம் கையையே தடவிக்கொண்டிருந்து, “அப்பச் செரி, போடுங்க” என்றார். இடக்கண்ணிற் பலகையின் இரண்டு வரி கூடிற்று, முழுப்பார்வை மீளவில்லை. புகை சிறுத்தது, போகவில்லை. ஆனால் வலக்கண் காவலில் இருக்கின்றது. சுவரில் ஒட்டிய கட்டத்தை அவர் வாரந்தோறும் நோக்குகின்றார்.

முதியோர் வெளியிடத் தயங்கும் மற்றொன்றும் உண்டு. பார்வை குறைந்த சிலர் இல்லாத பூக்களையும் சிறுவர்களையும் கோலங்களையும் காண்கின்றனர். அறிவு மாறாட்டமோ பேயோ என அஞ்சி வாய் திறவார். கண்ணிலிருந்து செய்தி வாராத இடத்தை மூளை தானே புனைந்து நிரப்புவதே இதற்குக் காரணம். 1760-இல் செனீவா நகரத்து அறிஞர் சார்லசு பொன்னே என்பார் தம் பாட்டனாரிடம் இதனைக் கேட்டறிந்து எழுதினார். இன்றும் அந்நிலைக்கு அவர் பெயரே வழங்குகின்றது. பாட்டனாரின் அருகமர்ந்து பொறுமையுடன் கேட்ட ஒரு பேரனால் மருத்துவ நூல் வளம் பெற்றது என்பது நாம் மறவாதிருத்தற்குரியது.

கண் மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய நாடன்று. சென்னையில் 1819-லேயே கண் மருத்துவமனை தோன்றியது. மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை பயின்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1997-இல் அது கோயம்புத்தூருக்கும் வந்தது. சிற்றூர்ப் பார்வை மையங்களிலிருந்து நகர மருத்துவர்க்குக் கணினி வழியே செய்தி செல்லும் ஏற்பாடும் அம்மருத்துவமனைக்கு உண்டு. கண்புரையை ஊர்தோறும் முகாம் அமைத்து நீக்கிய பெருமை நம் நாட்டுக்கு உரியது. ஆயின், புரை பிறர் கண்ணுக்கும் தெரியும். மஞ்சட்பொட்டின் கேடு புறத்தே தெரியாது. கண் தெளிவாய் இருக்கும், பார்வை இராது. ஆதலின் இதனைக் கேட்டே அறிதல் வேண்டும்.

நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு தாளில் மேற்சொன்ன கட்டத்தை வரைந்து எடுத்துச் செல்லுங்கள். வீட்டு முதியவர்க்குப் படிக்கும் கண்ணாடியை அணிவித்து, ஒரு முழத்திற்குக் குறைவாக, 30 சென்டிமீட்டர் அளவில் அதனைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியை நோக்கச் சொல்லுங்கள், பின் மறுகண். கோடு வளைகின்றதா, கட்டம் மறைகின்றதா என்று கேளுங்கள். அவர் அறியாத செய்தி ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். ஐயம் தோன்றினால், அடுத்த திருவிழா கழியட்டும் என்று காத்திராமல், அந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கட்டம் செம்மையாய்த் தோன்றினும் ஆண்டுக்கொருமுறை கண்மணி விரித்துப் பார்த்தலை விடலாகாது. தாளிலுள்ள கட்டம் மருத்துவருக்கு ஈடன்று.

இறுதியாக, தமிழ் வகுப்பு மாணவன் என்னும் உரிமையால் ஒரு விண்ணப்பம். மாலைக்கண் போல, வெள்ளெழுத்துப் போல, இந்நோய்க்கும் பாட்டிமார் வாயில் வழங்கத்தக்க ஒரு பெயர் வேண்டும். ‘நடுமங்கல்’ என்பது என் சிற்றறிவிற்கு எட்டியது. இதனினும் சிறந்ததொன்றை ஆசிரியரும் பழைய மாணவரும் தருவாராயின் மகிழ்வோடு ஏற்பேன். எப்பெயராயினும் ஆகுக, அது சமையற்கட்டு வரை சென்று, ‘வயதாயிற்று’ என்னும் சொல் நின்ற இடத்தில் நிற்குமாயின், அத்தனை கண்களுக்கு அது காவலாகும்.